எல்லையில் சோதனை, சுமை யாருக்கு?

(நுகேகொடையில் நடைபெற்ற தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான கல்வி வகுப்பில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



அட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்து இரவோடு இரவாக பஸ் ஏறி வந்தவர்களும், தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் இருந்து வந்தவர்களும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை செய்கிற நமது பிள்ளைகளும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள்.

இன்றைய தலைப்பு, நாடுகளின் எல்லைகளில் நடக்கும் சுங்கச் சோதனைகளும் வர்த்தகத் தடைகளும். இது கம்பெனிக்காரரும் மந்திரிமாரும் பேசுகிற பேச்சு, கொழுந்து எடுக்கிறவளுக்கும் பால் வெட்டுகிறவனுக்கும் இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் பெரட்டுக் களத்தில் நமக்குச் சொல்லப்படுகிற வார்த்தைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். “மார்க்கெட் இல்லை.” “ஜப்பான்காரன் வேண்டாம் என்கிறான்.” “ரஷ்யாக்காரன் நிப்பாட்டிவிட்டான்.” இதற்குப் பிறகு வருவது எப்போதும் ஒன்றுதான்: வேலை நாள் குறைவு, கைக்காசு இல்லை, கிலோ கூட எடு.

எல்லையில் ஒரு தடை எழும்பினால் அதற்கு ஒரு செலவு உண்டு. அந்தச் செலவு மேலேயிருந்து கையைக் கை மாறிக் கீழே இறங்கும். யாரும் தடுக்காவிட்டால் கடைசியில் கொழுந்துக் கூடையில் வந்து விழும். அது எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும். சங்கம் இன்று உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். அதற்கு முதலில் அந்தத் தடை என்ன மாதிரியானது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒற்றைச் சந்தை என்றால் என்ன?

நுவரெலியாவில் கரட், லீக்ஸ் ஏற்றுகிற லொறி பேலியகொடைச் சந்தைக்கு வருகிறது. கினிகத்தேனை வரை மத்திய மாகாணம். கித்துல்கலை, எட்டியாந்தோட்டை எல்லாம் சப்ரகமுவ மாகாணம். அவிசாவளைக்கு வந்தால் மேல் மாகாணம். மூன்று மாகாணம் கடந்தும், “இந்தக் கரட்டுக்குச் சான்றிதழ் எங்கே, தீர்வை கட்டினாயா” என்று மாகாண எல்லையில் யாரும் லொறியை மறிப்பதில்லை. விதி ஒன்று, சந்தை ஒன்று. ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து இதைத்தான் செய்தன. ஒரு நாட்டில் சரி என்று ஏற்றுக்கொண்ட பொருள் மற்ற எல்லா நாட்டுக்கும் போகலாம். இடையில் சுங்கமும் இல்லை, சோதனையும் இல்லை. அதைத்தான் ஒற்றைச் சந்தை என்கிறார்கள்.

பிரித்தானியா அதற்குள் இருந்தது. 2016 ஜூன் 23ஆம் திகதி அங்கே மக்கள் வாக்களித்தார்கள். ஏறத்தாழ 52 வீதத்தினர் விலகுவோம் என்றார்கள், 48 வீதத்தினர் இருப்போம் என்றார்கள். 2020 ஜனவரி கடைசியில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து விலகியது. அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதியோடு ஒற்றைச் சந்தையில் இருந்தும் வெளியேறியது. அதற்கு ஒரு வாரம் முன்னர் இரண்டு பக்கமும் ஒரு வர்த்தக உடன்படிக்கைக்கு வந்தார்கள். விதிப்படி உற்பத்தியான இரு பக்கப் பொருட்களுக்கும் தீர்வை இல்லை என்பது அதன் முக்கிய ஏற்பாடு.

தீர்வை இல்லையென்றால் தடையும் இல்லை என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது வேறு. 2021 ஜனவரி 1ஆம் திகதியில் இருந்து ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கப் பத்திரம் கேட்டார்கள். இந்தப் பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். மீன், இறைச்சி, செடி, விதை என்றால் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். ஸ்கொட்லாந்தில் மீனும் இறாலும் பிடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பி வந்தவர்கள், பத்திரம் தாமதமாகிச் சரக்குப் பழுதாகிறது என்று அந்த மாதமே லொறிகளோடு லண்டனுக்குப் போய் ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

பெரிய கம்பெனி பத்திரம் எழுத ஒரு அலுவலகத்தையே வைத்துக்கொள்ளும். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி அனுப்புகிறவனுக்கும் ஏறத்தாழ அதே பத்திரம்தான். ஆகவே அவன்தான் முதலில் விழுவான். பிரித்தானியாவும் தன் பக்கத்துச் சோதனைகளை உடனே ஆரம்பிக்க முடியாமல் பல தடவை தள்ளிப்போட்டது. 2024ஆம் ஆண்டில்தான் சான்றிதழும் சரக்குச் சோதனையும் படிப்படியாக ஆரம்பித்தன. 2025 மே மாதம் இரண்டு தரப்பும் லண்டனில் கூடி, உணவு, தாவரச் சோதனைகளைக் குறைக்கும் உடன்படிக்கை ஒன்றை நோக்கிப் பேசலாம் என்று முடிவு செய்தார்கள். பணக்கார நாடுகளுக்கே இந்தச் சுமை பெரிதாக இருந்திருக்கிறது.

நமக்கு இதனால் என்ன?

நமது தோட்டங்களைத் திறந்தது பிரித்தானியா. 1873ஆம் ஆண்டில் லூல்கந்துர தோட்டத்தில் இருந்து ஜேம்ஸ் டெயிலரின் தேயிலை லண்டனுக்குப் போனது. வெறும் 23 றாத்தல். பிறகு மலையெல்லாம் தேயிலை ஆனது. இதோ நுகேகொடை வழியாக ஓடுகிற களனிவெளி ரயில் பாதையும், அவிசாவளை, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்கு இறக்குவதற்காக 1900ஆம் ஆண்டளவில் போடப்பட்டதுதான். தோட்டமும் அவர்களுடையது, ரயிலும் அவர்களுடையது, கப்பலும் அவர்களுடையது, வாங்குகிற சந்தையும் அவர்களுடையது. அந்தக் காலத்தில் தேயிலைக்கு எல்லை இல்லை. எல்லையும் சோதனையும் மண்டபம் முகாமில் வரிசையில் நின்ற நமது பாட்டன் பாட்டிக்குத்தான் இருந்தது.

அந்தக் காலம் போய்விட்டது. லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் மாதத்தோடு மூடப்பட்டது. இன்றைக்கு நமது தேயிலையை அதிகமாக வாங்குவது ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற நாடுகள். ஆகவே பிரித்தானியா விலகியதால் நமது தேயிலை விற்காமல் போய்விட்டது என்று யாராவது பெரட்டில் சொன்னால் நம்ப வேண்டாம். மூடையில் போகிற கறுப்புத் தேயிலைக்கு அங்கே இறக்குமதித் தீர்வையும் இல்லை.

ஆனால் முன்பு ஒரு கதவாக இருந்தது இப்போது இரண்டு கதவாகிவிட்டது. தேயிலையில் எந்த மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு பட்டியல், பிரித்தானியாவுக்கு ஒரு பட்டியல். பிரித்தானியாவின் ஒரு பகுதியான வட அயர்லாந்தில் பெரும்பாலும் ஐரோப்பிய விதி. லண்டனில் பக்கெட் செய்த தேயிலையை ஜேர்மனிக்கு அனுப்புகிறவர் புதிதாகப் பத்திரம் எழுத வேண்டும். அந்தச் செலவை அவர் தன் பையில் இருந்து போட விரும்ப மாட்டார். கடையில் விலையைக் கூட்டினால் வாங்குகிறவர் வேறு நாட்டுத் தேயிலைக்குப் போய்விடுவார். ஆகவே கொழும்பு ஏலத்தில் விலையைக் குறைத்துக் கேட்கப் பார்ப்பார். செலவு கீழே இறங்கும் வழி இதுதான்.

வரிச்சலுகையும் அப்படியே இரண்டாகியது. ஐரோப்பிய ஒன்றியம் நமது நாட்டுக்கு ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற சலுகை தருகிறது. பிரித்தானியா 2023 ஜூன் மாதம் தனக்கென்று ஒரு வரிச்சலுகைத் திட்டத்தை ஆரம்பித்தது. இந்தச் சலுகைகளால் அதிகம் பயன்பெறுவது ஆடைத் தொழிற்சாலைகள். கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் தையல் இயந்திரத்தின் முன்னால் இருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் நமது லயத்துப் பிள்ளைகள் என்று உங்களுக்குத் தெரியும். மலையில் அம்மாவின் சம்பளம் குறைந்தாலும், கட்டுநாயக்கவில் மகளின் ஓவர்டைம் குறைந்தாலும், அடுப்பு ஒன்றுதான்.

ஒரு வண்டு நிறுத்திய தேயிலை

தீர்வை என்றால் எல்லாருக்கும் தெரிகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நமது பொருட்களுக்கு 44 வீதம் என்று அறிவித்து, பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஆகஸ்டில் 20 வீதத்துக்கு வந்தபோது எல்லாப் பத்திரிகையிலும் அது முதல் பக்கம். சோதனையால் வருகிற தடை இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு வராது. சில வேளை ஒரு வண்டின் முதுகில் ஏறி வரும்.

2017 டிசம்பரில் அப்படித்தான் நடந்தது. இலங்கையில் இருந்து போன ஒரு தேயிலைச் சரக்கில் கப்ரா வண்டு இருந்தது என்று ரஷ்யா சொன்னது. தானியத்தைத் தின்னும் சின்ன வண்டு அது. டிசம்பர் 18ஆம் திகதி முதல் இலங்கைத் தேயிலையை மட்டுமல்ல, எல்லாத் தாவரப் பொருட்களையும் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அப்போது ரஷ்யா நமது மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. அரசாங்கம் பதறிப்போய் ஆட்களை மொஸ்கோவுக்கு அனுப்பியது.

அதே நேரத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது என்று இலங்கை முடிவு செய்திருந்தது. அஸ்பெஸ்டஸை அதிகம் விற்கிற நாடு ரஷ்யா. தேயிலைத் தடை வந்த சில நாட்களிலேயே அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை இலங்கை தள்ளிப்போட்டது. டிசம்பர் 30ஆம் திகதி ரஷ்யா தேயிலைத் தடையை நீக்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பத்திரிகைகள் அப்போதே எழுதின.

தோழர்களே, இதை ஏன் விரிவாகச் சொல்கிறோம்? எந்த வகை அஸ்பெஸ்டஸ் ஆனாலும் அதன் தூசி புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. அந்தச் சீற் யாருடைய தலைக்கு மேல் இருக்கிறது? நமது லயங்களிலும் தோட்ட வீடுகளிலும் எத்தனை கூரை அஸ்பெஸ்டஸ் என்று இந்த மண்டபத்தில் கை உயர்த்திக் கேட்டால் தெரியும். தேயிலையை ஒரு துறைமுகத்தில் நிறுத்தினார்கள். அதைத் திறப்பதற்கான பேச்சு நமது கூரை வரை வந்தது. அந்தப் பேச்சில் நமது பக்கத்தில் இருந்து ஒரு ஆள் இல்லை. “கூரையை மாற்றுகிற திட்டத்தையாவது கையில் கொடுங்கள்” என்று கேட்க ஒரு குரல் இல்லை.

மருந்து அடித்தது யார், அடிக்கச் சொன்னது யார்?

அடுத்தது ஜப்பான். 2015இல் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தில் கிளைபோசேட் என்ற களைகொல்லியை அரசாங்கம் தடை செய்தது. தடை செய்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் தேயிலை மலையில் புல்லுக்கு வேறு என்ன வழி என்று யாரும் ஏற்பாடு செய்யவில்லை. கையால் வெட்ட ஆள் போதாது, கூலி கொடுக்க மனமும் போதாது. புல் இடுப்பளவு வளர்ந்த மலைக்குள் அட்டைக்கும் குளவிக்கும் பாம்புக்கும் நடுவில் இறங்கி கொழுந்து எடுத்தது நமது பெண்கள்.

வேறு களைகொல்லிகள் மலைக்கு வந்தன. அவற்றில் ஒன்று எம்.சி.பி.ஏ. அந்த மருந்துக்கு ஜப்பான் வைத்திருந்த எல்லை கிலோ ஒன்றுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது ஒரு லட்சம் கிலோ தேயிலையில் ஒரு கிராம். அதற்கு மேல் இருந்தால் உள்ளே எடுக்க மாட்டார்கள். 2018இல் ஜப்பான் சோதனையை இறுக்கியபோது ஏற்றுமதிக்காரர்களும் கம்பெனிகளும் கூச்சல் போட்டார்கள். அந்த வருடம் ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் தடை நீக்கப்பட்டது.

ஜப்பான்காரர் தமது ஆட்கள் குடிக்கிற தேநீரில் மருந்து இருக்கக்கூடாது என்று கேட்டது பிழையில்லை. தேநீரில் ஒரு லட்சம் கிலோவுக்கு ஒரு கிராம் கூடாது என்றால், அதே மருந்தை முதுகில் டாங்கி கட்டி, கையுறையும் முகமூடியும் சரியாக இல்லாமல், காற்றடிக்கிற மலையில் அடிக்கிறவனுடைய நெஞ்சுக்குள் எவ்வளவு போகலாம்? எந்தத் துறைமுகமும் அதைச் சோதிப்பதில்லை. அதைக் கேட்பது சங்கத்தின் வேலை.

இன்னொன்றும் உண்டு. மருந்து அடித்த மலையில் இத்தனை நாள் கழித்துத்தான் கொழுந்து எடுக்க வேண்டும் என்று தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வழிகாட்டல் கொடுக்கிறது. எந்த மலையில் என்றைக்குக் கொழுந்து எடுப்பது என்று தீர்மானிப்பது துரையும் கங்காணியும். நாள் முடியும் முன்னர் அந்த மலைக்கு ஆள் அனுப்பி, பிறகு சோதனையில் அகப்பட்டு விலை விழுந்தால், அது நிர்வாகத்தின் தவறு. அந்த நட்டத்தைத் தொழிலாளியின் கணக்கில் எழுத எந்த நியாயமும் இல்லை.

தடை எப்போதும் வெளிநாட்டில் இருந்துதான் வரும் என்றும் நினைக்காதீர்கள். 2021 மே மாதம் இரசாயன உரமும் மருந்தும் இறக்குமதி செய்யக்கூடாது என்று நமது அரசாங்கமே கதவை மூடியது. சில மாதத்தில் திறந்தாலும் சேதம் நடந்துவிட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவுக்கு வந்தது. செடியில் கொழுந்து இல்லை. ஆனால் கேட்ட கிலோ குறையவில்லை. கிலோ குறைந்தால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான் என்றார்கள். கொழும்பில் ஒரு கையெழுத்து விழுந்தது, மலையில் அரைப்பேர் விழுந்தது.

இறப்பருக்கு வருகிற புதுப் பத்திரம்

இறப்பர் தோட்டத்துத் தோழர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். காடழித்து உற்பத்தி செய்த பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் இனி வாங்காது என்று 2023இல் ஒரு சட்டம் செய்தது. இறப்பரும் அந்தப் பட்டியலில் உண்டு, தேயிலை இல்லை. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் இருந்து வந்த இறப்பராக இருக்கக்கூடாது. எந்த நிலத்தில் இருந்து வந்தது என்று வரைபடக் குறியோடு காட்ட வேண்டும். நடைமுறைக்கு வரும் திகதியைத் தள்ளிப்போட்டு வருகிறார்கள், ஆனாலும் தயாராகச் சொல்கிறார்கள்.

நமது இறப்பர் தோட்டங்களில் பெரும்பாலானவை பழைய தோட்டங்கள். கம்பெனிக்குப் பத்திரம் எழுதுவது கஷ்டமில்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற சின்னத் தோட்டக்காரருக்குத்தான் கஷ்டம். அவர்களில் சிலர் நமது அயலவர்கள், சிலர் நமது உறவுகள். அவர்களுக்கு உதவி கிடைக்க வேண்டும் என்று நாமும் பேச வேண்டும்.

அந்தச் சட்டத்தில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு வரியும் உண்டு. காடு அழிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, உற்பத்தி நடக்கும் நாட்டின் சட்டப்படியும் உற்பத்தி நடந்திருக்க வேண்டும். அதில் தொழிலாளர் உரிமையும் அடக்கம். ஊழியர் சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்படுகிறதா, சட்டப்படி சம்பளம் கொடுக்கப்படுகிறதா என்ற கேள்விகளும் இறப்பரோடு சேர்ந்து துறைமுகத்துக்குப் போகக்கூடிய கேள்விகள்.

கதவை மூடச் சொல்லலாமா?

இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஜீ.எஸ்.பி. பிளஸ் சும்மா கிடைப்பதில்லை. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை நாடு பின்பற்ற வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 87ஆம் இலக்கச் சமவாயமும், கூட்டுப் பேரம் பேசும் உரிமை பற்றிய 98ஆம் இலக்கச் சமவாயமும் அதில் உண்டு. இலங்கை இரண்டையும் ஏற்றுக் கையெழுத்திட்ட நாடு. 98ஐ 1972இல், 87ஐ 1995இல். இதைச் சரியாகப் பின்பற்றுகிறார்களா என்று பார்க்க ஐரோப்பிய ஒன்றியத்தின் குழு வந்து போகிறது. வருகிற குழு தொழிற்சங்கங்களையும் சந்திக்கிறது.

அப்படியானால், “உரிமை மறுக்கிறார்கள், சலுகையை நிறுத்துங்கள்” என்று சொல்லிவிடலாமே என்று நமது இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். அவர்களின் கோபம் நியாயம். ஆனால் 2010இல் என்ன நடந்தது என்று பாருங்கள். மனித உரிமை உடன்படிக்கைகளைப் பின்பற்றவில்லை என்று அந்த வருடம் ஆகஸ்ட் 15ஆம் திகதி சலுகையை நிறுத்தினார்கள். 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. ஏறத்தாழ ஏழு வருடம். முடிவெடுத்த பெரியவர்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. பயத்தோடு வேலைக்குப் போனது தையல் மிஷினில் இருந்த பிள்ளைகள்.

ஆகவே நமது சங்கத்தின் நிலைப்பாடு இது: கதவை மூடச் சொல்ல மாட்டோம். கதவு திறந்திருக்க வேண்டும் என்றால் தோட்டத்துக்குள் சட்டம் நடக்க வேண்டும் என்று அரசாங்கத்திடமும் கம்பெனிகளிடமும் கேட்போம். குழு வரும்போது நமது கையில் திகதியும் கணக்கும் சம்பளத் துண்டும் இருக்க வேண்டும். வாயால் சொல்வதை அவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். எழுத்தில் இருப்பதுதான் அறிக்கைக்குள் போகும்.

தனியார் சான்றிதழ்களும் அப்படித்தான். பக்கெட்டில் ஒரு முத்திரை ஒட்டுவதற்காக ஓடிட் செய்கிறவர்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள். அவர்கள் வருவதற்கு முதல் நாள் பிள்ளை மடுவத்துக்கு வெள்ளையடிப்பதையும், ஸ்டோரில் புதுக் கையுறை கொடுப்பதையும், போன பிறகு அதைத் திருப்பி வாங்குவதையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அன்றைக்குத் துரை தெரிவு செய்த இரண்டு பேரோடு பேசிவிட்டுப் போகிறார்கள். தோட்டத் தலைவரும் தலைவியும் கூட இருக்காத ஓடிட்டை நாம் ஓடிட் என்று ஏற்கத் தேவையில்லை.

நாம் என்ன கேட்க வேண்டும்?

சம்பளத்துக்காக நாம் போராடிய ஒவ்வொரு முறையும் கம்பெனிகள் சொன்ன பதில், உற்பத்திச் செலவு கூடிவிட்டது, உலகச் சந்தையில் போட்டி போட முடியாது என்பது. 2021இல் 1000 ரூபா வந்தபோதும் சொன்னார்கள், பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். 2024இல் 1700 ரூபா வர்த்தமானிக்கு எதிராக நீதிமன்றம் போனார்கள், கடைசியில் செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவில் நின்றது. இனி வரும் பேச்சுகளில் “ஐரோப்பாவின் புது விதி, ஜப்பானின் சோதனை, சான்றிதழ்ச் செலவு” என்ற பேச்சும் மேசைக்கு வரும். அப்போது நாம் வாயடைத்து இருக்கக்கூடாது. சங்கம் உங்கள் முன் வைக்கும் கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று. எந்த மலையில், என்ன மருந்து, என்றைக்கு அடித்தார்கள், எத்தனையாம் திகதிக்குப் பிறகு கொழுந்து எடுக்கலாம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரட்டுக் களத்தில் எழுதிப் போட வேண்டும்.

இரண்டு. சரக்கு சோதனையில் தவறிவிட்டது என்று சொல்லி வேலை நாளையோ கொடுப்பனவையோ குறைப்பதாக இருந்தால், முதலில் அந்தச் சோதனை அறிக்கையின் பிரதியைத் தோட்டக் கமிட்டிக்குக் காட்ட வேண்டும். அறிக்கை இல்லையென்றால் குறைப்பும் இல்லை.

மூன்று. புது விதிகளால் வேலை கூடினால், கொழுந்தைத் தரம் பிரிக்கிற நேரமும், பதிவு எழுதுகிற நேரமும், கையால் புல் வெட்டுகிற நேரமும் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும். அந்த நாட்களில் கிலோவைக் குறைக்க வேண்டும்.

நான்கு. மருந்து அடிக்கிறவர்களுக்குப் பாதுகாப்பு உடை ஓடிட் நாளில் மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை வைத்தியப் பரிசோதனை கம்பெனிச் செலவில் நடக்க வேண்டும். அறிக்கை அந்தத் தொழிலாளியின் கைக்கு வர வேண்டும்.

ஐந்து. வெளிநாட்டு விதிகளுக்கு எப்படி ஒத்துப்போவது என்று தேயிலைச் சபையும் அமைச்சும் கம்பெனிகளும் கூடிப் பேசும் இடங்களில் தொழிற்சங்கங்களுக்கும் நாற்காலி வேண்டும். அஸ்பெஸ்டஸ் விஷயம் போல இன்னொன்று நமக்குத் தெரியாமல் முடியக்கூடாது.

தலைவர்களே, தலைவிமாரே, இவை மேடைக் கோரிக்கையாக நின்றுவிடக் கூடாது. ஊருக்குப் போனதும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்குங்கள். மருந்து அடித்த திகதி, மலை நம்பர், அடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள், அந்த மலையில் மீண்டும் கொழுந்து எடுத்த திகதி ஆகியவற்றை எழுதி வாருங்கள். கூரை அஸ்பெஸ்டஸா தகரமா என்று லயம் லயமாக எண்ணி எழுதுங்கள். உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற்றை வாளால் அறுக்கவோ, உடைத்து முற்றத்தில் போடவோ வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லுங்கள். உயர்தரம் படித்த பிள்ளை ஒன்று ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கும். கொப்பியை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள், நமது கணக்கு அந்தக் கையால் எழுதப்படட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் கொப்பிகளின் பிரதியை மாவட்டக் காரியாலயத்தில் சேருங்கள். அடுத்த சம்பளப் பேச்சுக்கும், அடுத்து வரும் ஐரோப்பியக் குழுவிடமும் சங்கம் அதைத்தான் கொண்டு போகும். பிரித்தானியா விலகினாலும் சேர்ந்தாலும், ரஷ்யா நிறுத்தினாலும் திறந்தாலும், தேயிலைச் செடியில் கை வைப்பது நாம்தான். அந்தக் கைக்கு உரியது என்ன என்பதற்குச் சாட்சி நமது கொப்பியில் இருக்கட்டும்.